திருச்சியிலிருந்து இரு நடைப்பயணங்கள்: அரசின்மையும் ஆண்டவனும் சட்டமும்

'அராஜகம்' என்ற சொல்லுக்கு நம் வழக்கில் நல்ல பெயர் இல்லை. கலவரம், கொள்ளை, கேட்பாரற்ற நிலை ஆகியவற்றையே அச்சொல்லால் குறிக்கின்றோம். வால்மீகி முனிவரும் தசரதன் மறைவுக்குப் பின் அரசனில்லா நாட்டின் அவலத்தை அயோத்தியா காண்டத்தில் நீளப் பட்டியலிடுகிறார். ஆனால் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கொள்கையாக உருப்பெற்ற அராஜகவாதம் வேறு. மனிதனை மனிதன் அதிகாரத்தால் ஆளுதல் தகாது, மக்கள் தாமே கூடி, ஒருவருக்கொருவர் உதவி வாழ இயலும் என்பது அதன் சாரம். குழப்பத்தைக் குறிக்கும் பழைய சொல்லோடு இது மயங்காதிருக்க, இக்கட்டுரையில் இதனை அரசின்மைக் கொள்கை என்றே வழங்குவோம்.

இக்கொள்கையின் தந்தையருள் ஒருவரான பக்குனின், கடவுளையும் அரசையும் ஒரே நுகத்தடியின் இரு முனைகளாகக் கண்டார். ஒன்றை ஏற்பவன் மற்றதற்கும் அடிமையாவான் என்பது அவர் வாதம். அவ்வாறாயின் இறைப்பற்றுடைய ஒருவர் அரசின்மையாளராக இருத்தல் கூடுமா? கூடுமெனில் அவர் சட்டத்தின் ஆட்சியை மதித்தலும் கூடுமா? மூன்றும் ஓருறையில் தங்கா என்றே எவரும் சொல்வர். நூல்களில் தேடினால் இவ்வினாவுக்கு முடிவு எளிதில் கிட்டாது. ஆனால் காவிரிக்கரையில், திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும், இவ்வினா மனிதர்களின் வாழ்வாகவே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றே பின்தொடர்வோம்.

மலைக்கோட்டையும் மதில்மேல் நின்றவரும்

திருச்சி மலைக்கோட்டையின் மேற்குடைவரையான லலிதாங்குர பல்லவேச்சுரத்தை எடுப்பித்தவன் மகேந்திரவர்ம பல்லவன். அங்குள்ள அவனது கல்வெட்டு, மாறான நெறியினின்று இலிங்க வழிபாட்டு நெறிக்குத் திரும்பியதைக் குறிப்பாகச் சொல்கிறது. அப்பரடிகளை வருத்திப் பின் மனம் மாறிய பல்லவன் இவனே என அறிஞர் பலர் கொள்வர். பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். அரசன் ஆணையோடு அமைச்சர் வருகின்றனர். தாம் இறைவனுக்கன்றி வேறெவர்க்கும் குடியல்லர் என அப்பர் மறுத்துரைக்கின்றார். பின்னர் அமைச்சர் வணங்கி வேண்ட, உடன் செல்கின்றார். நீற்றறையில் இட்டபோதும் கல்லில் பிணித்துக் கடலில் எறிந்தபோதும் அவர் எதிர்த்துக் கை ஓங்கவில்லை, தப்பி ஓடவுமில்லை.

பக்குனின் கண்ட நுகத்தடி இங்கே முறிந்து கிடப்பதைக் காண்க. இறைவன் ஒருவனே தலைவன் என்று கொண்டவனுக்கு மண்ணில் வேறு தலைவன் இல்லை. இறைப்பற்று இங்கு அரசனுக்கு அரணாக நிற்கவில்லை. அரசனின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்து நிற்கிறது.

இரண்டாவது நிகழ்ச்சி திருவரங்கத்தைத் தம் நிலைக்களமாகக் கொண்டு வாழ்ந்த இராமாநுசரைப் பற்றியது. வைணவ குருபரம்பரை நூல்கள் உரைப்பது இது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து அவர் திருமந்திரப் பொருளைப் பெற்றார். பிறர்க்கு உரைத்தால் நரகம் என்பது ஆசிரியர் இட்ட ஆணை. அவரோ உயர ஏறி நின்று அனைவர்க்கும் அதனை அறிவித்தார். ஆணையை மீறியதற்கு என்ன கூலி என நம்பி வினவ, நரகமே கூலி, பலர் உய்ய நான் ஒருவன் அதனை ஏற்பேன் என்ற பொருள்படக் கூறினார்.

இதில் நுண்மை ஒன்று உண்டு. ஆணை செல்லாது என்று அவர் வாதாடவில்லை. மறைவாக இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கவுமில்லை. எல்லாரும் காண மீறினார். மீறலுக்குரிய தண்டனை தமக்கு உரியதே என ஏற்றார். ஆணையை மீறிய அதே வேளையில், ஆணை என்ற ஒன்று உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பிற்காலப் போராளிகளுக்கு நேரடித் தூண்டுதல்களாயின என நாம் நிறுவ முற்படவில்லை. இம்மண்ணில் அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகள் இவை என்பதே நாம் சொல்வது.

இலண்டனில் மூன்று தமிழர்

இனி 1909-ஆம் ஆண்டு இலண்டனுக்குச் செல்வோம். அங்கே 'இந்தியா இல்லம்' என்ற விடுதியைச் சுற்றி விடுதலை வேட்கையுடைய இளைஞர் குழு ஒன்று இயங்கியது. சாவர்க்கர் அதன் முன்னணியில் இருந்தார். அக்குழுவில் தமிழர் மூவர். ஒருவர் திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்த வ.வே.சு. ஐயர். மற்றொருவர் திருவரங்கத்தில் 1880-இல் பிறந்து, மருத்துவ மேற்படிப்புக்காகக் கடல் கடந்த தி.சே.சௌ. ராஜன். மூன்றாமவர் சென்னையில் 1887-இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. பாரதியாரின் 'இந்தியா' இதழுக்குப் புரவலராக நின்ற மண்டயம் வைணவக் குடும்பத்தவர் இவர்.

ஆங்கில அரசின் ஏடுகளில் இத்தகையோர் அனைவருக்கும் 'அனார்க்கிஸ்டு' என்றே பெயர். வெடிகுண்டும் துப்பாக்கியும் நாடியவர் யாவரும் அந்நாளில் அச்சொல்லால் குறிக்கப்பட்டனர். 1919-இல் வந்த ரௌலட் சட்டத்தின் முழுப் பெயரிலேயே அச்சொல் இடம்பெற்றிருந்தது.

அதே 1909-இல் தென்னாப்பிரிக்க இந்தியருக்காக வழக்காட காந்தி இலண்டன் வந்தார். அக்டோபர் 24 அன்று விசயதசமி விருந்தொன்றுக்குத் தலைமை ஏற்க இசைந்தார். சைவ உணவு வேண்டும் என்பது அவர் நிபந்தனை. விருந்துச் சமையலில் ஈடுபட்டிருந்த ராஜன் பின்னாளில் தம் 'நினைவு அலைகள்' நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். மெலிந்த மனிதர் ஒருவர் முன்னதாகவே வந்து, பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி திருத்துவதிலும் உதவிக்கொண்டிருந்தார். யாரோ எனக் கருதி வேலை வாங்கிய பின்னரே, ஐயர் வந்து அடையாளம் காட்ட, அவர்தாம் விருந்துத் தலைவர் என்பது தெரிந்தது.

அடுத்த மாதம் கப்பலில் திரும்பும் வழியில் காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை எழுதினார். இலண்டனில் தாம் சந்தித்த இந்திய அனார்க்கிஸ்டுகளுக்கு விடையாகவே அதனை எழுதியதாகப் பின்னர் அவரே கூறினார். அதே கடற்பயணத்தில் டால்ஸ்டாயின் 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற நெடுங்கடிதத்தையும் குசராத்தியில் பெயர்த்தார். 1908 டிசம்பரில் எழுதப்பட்ட அக்கடிதத்தில் டால்ஸ்டாய் எடுத்தாண்ட நூல்களுள் நம் திருக்குறளும் ஒன்று என்பது தமிழர் பலரும் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. மலைப்பிரசங்கத்தை அடியாகக் கொண்டு அரசையும் படையையும் நீதிமன்றத்தையும் மறுத்த உருசிய மேதைக்கு, இன்னா செய்யாமை அதிகாரம் துணையாயிற்று. ஏழாண்டு கழித்து, 1916-இல், அதே குறளை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் வரகனேரி ஐயர்.

இங்கே நாம் தமிழ் மாணவராக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். டால்ஸ்டாய் எடுத்துக்கொண்டது அறத்துப்பாலை. ஆனால் வள்ளுவர் அதனோடு நிற்கவில்லை. பொருட்பாலில் செங்கோன்மையும் வைத்தார், கொடுங்கோன்மையும் வைத்தார். அரசே வேண்டாம் என்பது அவர் வழியன்று. அறத்துக்கு அடங்காத கோல் கோலன்று என்பது அவர் வழி. நம் வினா முழுவதும் இவ்விரு பால்களுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு வெளியில்தான் நிற்கிறது.

மூன்று வழிகள்

மூவரும் வெவ்வேறு திசைகளில் சென்றனர்.

ஆச்சார்யாவே கொள்கையளவில் உண்மையான அரசின்மையாளராக ஆனவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அமைக்கப்பட்டபோது உடனிருந்தார். எம்.என். ராயுடன் மாறுபட்டுப் பிரிந்து, 1922-க்குப் பின் பெர்லினில் பன்னாட்டு அரசின்மையாளர் இயக்கத்தோடு இணைந்தார். காந்தியின் அகிம்சையைப் பற்றி ஐரோப்பிய அரசின்மை ஏடுகளில் எழுதினார். 1935-இல் பம்பாய் திரும்பி, 1954-இல் வறுமையில் மறைந்தார். சமயமும் சட்டமும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் வழி நேரானது. ஆனால் அவ்வழியில் அவரோடு நடக்க இந்நாட்டில் ஆளில்லை.

ஐயர் பாரிஸ்டர் படிப்பை முடித்தும் ஆங்கில மன்னருக்கு விசுவாச உறுதிமொழி கூற மறுத்தமையால் அப்பட்டத்தைப் பெறவில்லை. 1910-இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுவை சேர்ந்தார். 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குப் புதுவையில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் அவரே. பின்னர் காந்தியின் நெறிக்கு வந்தார். 1921-இல் 'தேசபக்தன்' இதழ்க் கட்டுரைக்காகச் சிறை சென்று, பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சியை எழுதினார். ஆனால் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி அளித்தமை பெரும் பூசலாயிற்று. தாம் எவரோடும் உண்பவரே ஆயினும், பெற்றோரின் சமய ஆசாரத்துக்கு இசைந்துவிட்டேன் என்பது அவர் நிலை. மன்னனுக்கு வளையாதவர் மரபுக்கு வளைந்தார். அதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஈ.வெ. இராமசாமி. இப்பெயரை மனத்திற்கொள்க, மீண்டும் வருவார்.

ராஜனோ 1914-இல் தாயகம் திரும்பியபோது, கடல் கடந்த குற்றத்துக்காக வைதிகரால் விலக்கி வைக்கப்பட்டார். அவருக்கு முதல் தண்டனை வழங்கியது ஆங்கில அரசன்று, சொந்த ஊர். எனினும் அவர் சமயத்தை விடவில்லை, ஊரையும் விடவில்லை. திருச்சியில் மருத்துவம் செய்தார், காங்கிரசில் சேர்ந்தார்.

முதல் நடை: 1930

1916 பெப்ருவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் பேசிய காந்தி, தாமும் ஓர் அனார்க்கிஸ்டே, ஆனால் வேறு வகையினர் எனக் கூறி மேடையிலிருந்தோரைத் திடுக்கிடச் செய்தார். அந்த 'வேறு வகை' எத்தகையது என்பதைத் தமிழ்நாடு 1930-இல் கண்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சிக் கண்டோன்மெண்டில் இருந்த ராஜனின் இல்லத்திலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர் வேதாரணியத்துக்குப் புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் தொலைவு. திருவையாறு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எனக் காவிரி பாயும் ஊர்களின் வழியே நடை. வழிநடைப் பாடலை நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை இயற்றித் தந்தார்.

தலைவரோ வழக்கறிஞர். எந்தச் சட்டத்தை, எந்த இடத்தில், எந்த நாளில் மீறப்போகிறோம் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டது. 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் மட்டுமே இலக்கு. திருட்டைத் தடுக்கும் சட்டமோ, கொலையைத் தண்டிக்கும் சட்டமோ அன்று. ஏழையின் கஞ்சிக்கு வரி போடும் சட்டம். மீறியவர் ஓடி ஒளிவதில்லை, தண்டனையை ஏற்பது என்பது விதி.

தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் இதனைத் தடுக்க ஒரு வழி கண்டார். நடப்போரை அடிக்காமல், அவர்களுக்குச் சோறிடுவோரை அச்சுறுத்தினார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி, சட்டவிரோதக் கூட்டத்தினர்க்கு இடமளிப்போருக்கு ஆறு மாதச் சிறை என அறிக்கை விடுத்தார். அறிக்கை சட்டப்படி செல்லத்தக்கதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விருந்தோம்பலைக் குற்றமாக்கிய சட்டம், அதுவும் சோழநாட்டில்! மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டு அகன்றனர். ஆற்று மணலில் புதைத்து வைத்து அடையாளம் காட்டினர். கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்தளித்த பந்துலு ஐயர் சிறை சென்றார். தொண்டர் உண்ண, பின்தொடர்ந்த காவலர் பசித்திருந்த கதையும் உண்டு.

அரசின்மைக் கொள்கையர் கனவு காணும் காட்சி இதுவே எனலாம். ஆணையிடும் அரசு ஒருபுறம். ஆணையின்றியே ஒருவருக்கொருவர் உதவும் மக்கள் மறுபுறம். ஆனால் அம்மக்களை இயக்கியது எந்தக் கொள்கை நூலும் அன்று. வந்தவர்க்குச் சோறிடாமை பாவம் என்ற நம்பிக்கையே. ஏப்ரல் 30 அன்று இராஜாஜி வேதாரணியத்தில் உப்பெடுத்துக் கைதானார். ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றுத் திருச்சிச் சிறைக்கே வந்து சேர்ந்தார். அவ்வாண்டுப் போராட்டத்தில் ராஜனும் சிறை சென்றார்.

மூன்றும் ஓருறையில் தங்கிய கணம் இது. மேலான ஓர் அறத்தின் முன் அரசின் ஆணை சிறிது என்பதில் அரசின்மை இருக்கிறது. அந்த அறம் இறைவனுடையது என்பதில் சமயம் இருக்கிறது. மீறலின் விலையை நானே தருவேன் என்பதில் சட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது. மறைவாக மீறுபவன் தனக்கு மட்டும் ஒரு விலக்குத் தேடுகிறான். வெளிப்படையாக மீறிச் சிறை செல்பவன், எல்லார்க்கும் பொருந்தும் நல்ல சட்டம் ஒன்றைக் கேட்கிறான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு எளிது. ஆனால் வரலாறு முடியவில்லை.

இரண்டாம் நடை: 1938

1937-இல் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சர் ஆனார். ராஜன் பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் பொறுப்பேற்ற அமைச்சர் ஆனார். நேற்றுச் சிறையில் இருந்தோர் இன்று அரசு. பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயம் என அவ்வரசு அறிவித்தது.

1938 ஆகஸ்டு 1 அன்று, அதே திருச்சியின் உறையூரிலிருந்து மற்றொரு படை புறப்பட்டது. இதிலும் ஏறத்தாழ 100 தொண்டர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் முன்நடந்தனர். ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, 42 நாள் நடந்து, செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்தனர். இவர்களுட் பலர் சுயமரியாதை இயக்கத்தார். சாத்திரத்தையும் புராணத்தையும் மறுத்தவர். தடையை மீறினர், கைதாயினர், தண்டனையை ஏற்றனர். எட்டாண்டு முன் இதே ஊரிலிருந்து புறப்பட்டோர் செய்ததும் இதுவே.

இராஜாஜியின் அரசு என்ன செய்தது? காங்கிரசாரைச் சிறையிட ஆங்கிலேயர் பயன்படுத்திய குற்றவியல் திருத்தச் சட்டத்தையே எடுத்து ஆண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். ஈ.வெ. இராமசாமி டிசம்பரில் தண்டிக்கப்பட்டு, ஐயர் இருந்த அதே பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். நடராசனும் தாளமுத்துவும் கைதியராக இருந்த காலத்தே 1939-இல் உயிர் நீத்தனர். காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பின்னர், 1940-இல் கட்டாய ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதனை வெறும் முரண் எனச் சிரித்துக் கடந்துவிடலாகாது. வெளிப்படையாக மீறித் தண்டனை ஏற்பவனிடம், ஆட்சியிலிருப்பவன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இவன் கலகக்காரனா, என் சட்டத்தின் குறையை எனக்குக் காட்ட வந்தவனா? 1930-இல் தார்ன் அவ்வினாவைக் கேட்கவில்லை. 1938-இல் இராஜாஜியும் கேட்கவில்லை. மற்றொன்றும் தெளிவாயிற்று. அரசின் ஆணைக்கு மேல் ஓர் அறம் உண்டு எனக் கொள்வதற்கு இறைவன் பெயர் கட்டாயமன்று. அப்பர் இறைவன் பெயரால் சொன்னதை, உறையூர்த் தொண்டர் மொழியின் பெயராலும் மானத்தின் பெயராலும் சொன்னார்கள்.

சட்டம் பின்னால் வந்த ஒரு நாள்

அதே அமைச்சரவைக் காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். அன்றைய சட்டப்படி அது குற்றமாகத் தக்கது. அரசு என்ன செய்தது? நுழைந்தோரையும் துணை நின்றோரையும் வழக்கினின்று காக்க அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதனை ஆலய நுழைவு அனுமதி, பாதுகாப்புச் சட்டமாக நிறைவேற்றியது. 1947-இன் சட்டம் மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது.

அறநிலைய அமைச்சர் யார் என்பதை நினைவுகூர்க: கடல் கடந்ததற்காகத் திருவரங்கத்தாரால் விலக்கப்பட்ட ராஜன். அறம் முன்னே நடந்தது. சட்டம் பின்னே வந்து சேர்ந்தது. மொழிப் போராட்டத்தில் கேட்கத் தவறிய வினாவை, கோயில் வாயிலில் அதே அரசு கேட்டது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு, இருவேறு விடைகள்.

அம்பேத்கரின் எச்சரிக்கை

இவையனைத்தையும் வைத்து மீறலே உயர்வு என முடிவு கட்டுவோர்க்கு, அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரை தடையாக நிற்கிறது. அரசியலமைப்பு வழிகள் திறந்துவிட்ட பின் சத்தியாக்கிரகமும் சட்டமறுப்பும் கைவிடத்தக்கன. அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். இச்சொல்லை எளிதில் தள்ளுதல் கூடாது. சட்டம் தளர்ந்த இடத்தில் முதலில் மிதிபடுவோர் எளியோரே என்பதைத் தம் வாழ்வால் அறிந்தவர் அவர்.

எனினும் அவரது கூற்றில் ஒரு நிபந்தனை அடங்கியிருப்பதையும் காண வேண்டும். வழிகள் திறந்துள்ள இடத்தில் என்பதே அது. ஏட்டில் திறந்து, தெருவில் அடைபட்ட வழிகள் நம்மிடையே இன்றும் உண்டு. எங்கே வழி உண்மையாகத் திறந்துள்ளது, எங்கே அடைபட்டுள்ளது என்பதைப் பகுத்தறிவதே ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமை. அப்பகுப்பின்றிச் சட்டத்தை வணங்குதல் அடிமைத்தனம். அப்பகுப்பின்றி மீறுதல் அராஜகம், நம் பழைய வழக்கின் பொருளில்.

ஆகவே அரசின்மையையும் இறைப்பற்றையும் சட்டத்தையும் ஒன்றாகக் கட்டும் தத்துவம் ஏதேனும் உண்டா என்றால், கட்டி முடித்த தத்துவம் இல்லை என்றே சொல்வோம். ஒழுகலாறு ஒன்று உண்டு. வெளிப்படையாக மீறு, எவர்க்கும் இன்னா செய்யாதே, விலையை நீயே கொடு. நாளை நீ ஆளும் இடத்துக்கு வந்தால், உன்முன் மீறி நிற்பவனிடம் நேற்றைய உன்னைக் காண். முதல் மூன்றையும் நம் முன்னோர் செய்து காட்டினர். நான்காவது அவர்களுக்கும் அரிதாகவே கைகூடியது.

திருச்சி செல்லும் நண்பர்கள் மலைக்கோட்டை ஏறும்போது குடைவரைக் கல்வெட்டின் முன் சிறிது நில்லுங்கள். மாறான நெறியினின்று திரும்பினேன் என்று ஒரு மன்னன் தன் பெயரோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆள்வோர் அப்படி எழுதி வைப்பது அன்றும் அரிது, இன்றும் அரிது.